தூணுக்கும் தூணுக்கும் நடுவே: ரிவர்ஸ் பயம் எனக்கு எப்படிப் போனது

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் யார் எங்கே கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி "அங்க பார்க்கிங் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்று சொன்னாலும் மனசு ஆறாது. தெருவோரமா உள்ளேயா, திருப்ப இடம் இருக்குமா, வாட்ச்மேன் இருப்பாரா என்று அடுத்தடுத்துக் கேட்பேன். 2022-இல் கூகுள் மேப்ஸில் சென்னைத் தெருக்களின் படங்கள் வந்ததும் இன்னும் மோசம், கல்யாண மண்டபத்து வாசலை முதல் நாள் ராத்திரியே போனில் பார்த்து வைத்துக்கொள்வேன். ஓ.எம்.ஆரில் தண்ணி லாரிகளுக்கு நடுவே போவதற்குப் பயமில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டால்தான் உள்ளங்கை வேர்க்கும்.

இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. லைசன்ஸ் பர்ஸில் இருக்கும், கார் கீழே கவர் போட்டுக் கிடக்கும், ஆள் ஆட்டோ புக் பண்ணிப் போவார். கேட்டால் "டிராஃபிக் ஜாஸ்தி" என்பார்கள். கொஞ்சம் துருவினால் விஷயம் பார்க்கிங்கில் வந்து நிற்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மடிப்பாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறேன், ஓட்டுவது ஸ்விஃப்ட், மேனுவல் கியர்.

முதலில் டிரைவிங் ஸ்கூல். மத்திய மோட்டார் வாகன விதிகள்படி கார் பயிற்சி குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும், அதில் நிஜமாக ஓட்டுவது குறைந்தது 10 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தில் கிளட்ச், கியர், சிக்னல், யூ டர்ன் எல்லாம் போக ரிவர்ஸுக்கு என்ன மிஞ்சும்? மிஞ்சிய கொஞ்ச நேரத்திலும் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து "லெஃப்ட்ல ஃபுல்லா ஒடிங்க, வாங்க, இப்ப நேரா பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார், அவர் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நாம் கற்றுக்கொள்வது அவர் குரலுக்குக் கட்டுப்படுவதை. சொந்தக் காரில் ஏறினால் அந்தக் குரலும் கிடையாது, அந்த இரண்டாவது பிரேக்கும் கிடையாது. எப்போது ஒடிப்பது, எவ்வளவு ஒடிப்பது, ஏன் ஒடிப்பது என்பது நமக்கே தெரிந்தால்தான் உண்டு.

எங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கைப் பற்றி, அதாவது வீடுகளுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் விடும் தரைத்தளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவில் ரோடு மேல ரோடு போட்டு உயர்த்தி உயர்த்தி, இப்போது கேட்டிலிருந்து உள்ளே ஒரு சரிவு. இறங்கினால் நீளமாக ஒரு நடைபாதை மாதிரி. வலப்பக்கம் காம்பவுண்டு சுவர், அதையொட்டி வரிசையாக ஸ்கூட்டர்கள். இடப்பக்கம் தூண்கள், தூண்களுக்கு நடுவில் கார்கள். என் இடத்துக்குப் பக்கத்துத் தூணில் முட்டி உயரத்தில் வெள்ளை, சிவப்பு, சில்வர் என்று பெயின்ட் தீற்றல் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். அந்த ஃபிளாட்டில் இதுவரை யார் யார் என்ன கலர் கார் வைத்திருந்தார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். யாரோ பழைய டயரை வெட்டி அதில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் கார் படுகிற உயரத்துக்கு ஒரு சாண் மேலே.

தமிழ்நாட்டுக் கட்டட விதிகள்படி ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். என் கார் அகலம் 1.735 மீட்டர், கண்ணாடிகளைச் சேர்க்காமல். ஆக இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சுவது முக்கால் மீட்டர். இதைச் சரிசமமாகப் பிரிக்கத்தான் எல்லாரும் பாடுபடுகிறோம், அதனால்தான் இரண்டு பக்கமும் இறங்க முடிவதில்லை. மற்றவர்களை முன்னாடியே இறக்கிவிட்டு, இடப்பக்கத் தூணை ஒட்டி நிறுத்தி, இடம் முழுவதையும் டிரைவர் கதவுப் பக்கம் விட்டால் நிம்மதியாக இறங்கலாம். டேப் வைத்து அளந்து பார்த்த அன்றைக்கே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அதுவரை கண்ணுக்கு ‘உள்ளே போகவே போகாது’ என்று தெரிந்த இடம், கணக்கில் தாராளமாகவே இருந்தது.

அப்புறம் வாட்ச்மேன். நல்ல மனிதர், உதவத்தான் வருவார். பின்னாடி நின்றுகொண்டு கையை ஆட்டி "வாங்க மேடம், வாங்க, வாங்க, வரலாம்... போதும் போதும்!" என்பார். அந்தக் கடைசிப் ‘போதும்’ எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதைவிட முக்கியமானது, அவர் பார்ப்பது டிக்கியை மட்டும். ரிவர்ஸில் அது பாதி வேலைதான். ஸ்டீயரிங் திருப்புவது முன் சக்கரங்களை. பின் சக்கரங்கள் நேராகவேதான் இருக்கும். அதனால் பின்னால் வரும்போது பின்பக்கம் உள்ளே நுழையும், முன்பக்கம் எதிர்த்திசையில் வெளியே வீசும். இடப்பக்கம் ஒடித்து என் இடத்துக்குள் வரும்போது பொனட்டின் வலது மூலை நேராக ஸ்கூட்டர்களை நோக்கிப் போகும். அங்கே யாரும் நின்று பார்ப்பதில்லை. புதிதாக ஓட்டுபவர்கள் இடிப்பதில் நிறைய இப்படி முன் மூலையில்தான். பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் இடிப்பது.

இன்னொன்று, "ரிவர்ஸ்ல எல்லாமே தலைகீழ்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிக்கி இடப்பக்கம் போகும், வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம். டிக்கி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தலைகீழ் உபதேசத்தால் நான் ரொம்ப நாள் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் மூன்றாவது மாடியில் மாநகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் நான் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாட்ச்மேனை ஒதுங்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"ஏம்மா, எதுக்கு இவ்ளோ அவசரம்?"

"அவசரம் இல்லண்ணா, பின்னாடி அவங்க வெயிட் பண்றாங்க."

"பண்ணட்டும். நிக்கிற வண்டி யாரையாவது இடிச்சிருக்கா? சந்தேகம் வந்தா நிறுத்து. இறங்கு, போய்ப் பாரு, ஏறு. டிப்போல நாங்களே இறங்கிப் பார்ப்போம். கண்டக்டர் விசில் அடிச்சாலும் வண்டி என் கையிலதான?"

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் இறங்கிப் பார்ப்பார் என்றால் நான் இறங்குவதில் என்ன கௌரவம் குறைந்துவிடும்? அன்றிலிருந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். காரைச் சுற்றி வர அரை நிமிஷம் கூட ஆகாது. இறங்கிப் பார்த்தால் பெரும்பாலும் நாம் நினைத்ததைவிட இடம் அதிகமாகவே இருக்கும், இன்னும் ஒரு முழம் வரலாம் போலிருக்கும். நாளடைவில் உள்ளே உட்கார்ந்து தெரிவதும் வெளியே இருப்பதும் ஒத்துப்போக ஆரம்பித்து, இறங்குவது தானாகக் குறைந்தது.

வேகம் பற்றி. சமதளத்தில் ரிவர்ஸுக்கு ஆக்சிலேட்டரே தேவையில்லை. கிளட்சை மெதுவாக விட்டு வண்டி லேசாக அதிரும் இடத்தில், அதாவது அரை கிளட்சில், காலை அப்படியே வைத்திருந்தால் பெட்ரோல் வண்டி தானே ஊர்ந்து வரும், டீசல் இன்னும் சுலபமாக வரும். வலது கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். பின்னோக்கிச் சரிவில் இறங்குகிறீர்கள் என்றால் பிரேக் மட்டும்தான், ஆக்சிலேட்டர் பக்கமே போக வேண்டாம். ஒரு ஆள் காரோடு பேசிக்கொண்டே நடந்து வரலாம் என்கிற வேகத்துக்கு மேல் எதற்கும் அவசியமில்லை. வேகம் குறைந்தால் யோசிக்க நேரம் கிடைக்கிறது. எனக்குப் பயம் குறைந்ததும் அதனால்தான், தைரியம் வந்து குறையவில்லை.

ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா ஒடித்தபடியே இருக்கிறதா என்ற குழப்பமும் புதிதாக ஓட்டுபவர்களுக்கு உண்டு. உங்கள் காரில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆக முழுசாக ஒடித்த இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று திருப்பினால் சக்கரம் நேர். ஸ்டீயரிங் உச்சியில் ஒரு துண்டு கலர் டேப் ஒட்டிக்கொண்டால் இன்னும் சுலபம். நிற்கிற இடத்திலேயே ஒடித்தால் டயர் தேயும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பழகும் காலத்தில் தேய்ந்தால் தேயட்டும்.

பழகியது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஆள் இல்லாத ஒரு அகலமான லேஅவுட் ரோட்டில். வீட்டிலிருந்த 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் காலியானதைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போவோம். கேன் மட்டும் வைத்தால் பின் கண்ணாடியில் தெரியாது, அதனால் வாயில் துடைப்பத்தைச் செருகி நிறுத்தினோம். நாலு மூலைக்கு நாலு கேன், நடுவே என் பார்க்கிங் அளவு. இடித்தால் கேன் டொம்மென்று விழுந்து உருளும், காருக்கு ஒன்றும் ஆகாது. வாக்கிங் போன ஒரு மாமா நின்று பார்த்துவிட்டு "என்னம்மா, பரிகாரமா?" என்று கேட்டார். வீட்டுக்காரரைக் காருக்குள் ஏற விடவில்லை. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பதைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். வெளியே நின்று கேன் எடுத்து வைக்கும் வேலையை மட்டும் கொடுத்தேன், இருவருக்கும் நல்லதாகப் போயிற்று.

முதலில் நேராகப் பின்னால் வருவது. இதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் நேராக வரத் தெரிந்தால் மற்றதெல்லாம் பாதி முடிந்தது. அப்புறம் இடத்துக்குள் நுழைவது: நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி, அதிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகி நின்று, எந்தப் புள்ளியில் ஒடிக்க ஆரம்பித்தால் சரியாக விழுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது. எனக்கு அது, பக்கத்து இடத்தின் நடுவுக்கு நேராக என் தோள் வரும்போது. உங்கள் காருக்கும் உயரத்துக்கும் வேறாக இருக்கும், அதனால் யூடியூபில் சொல்கிற புள்ளியை அப்படியே நம்ப வேண்டாம். வண்டி கோணலாக வந்தால் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வருவது தப்பே இல்லை. உள்ளே இருந்தபடியே கோணலைச் சரிசெய்ய முயல்வதில்தான் தூணோடு சண்டை வருகிறது.

கண்ணாடி விஷயத்தில் ஒன்றே ஒன்று. பார்க்கிங் செய்யும்போது இடது கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள், பின் சக்கரமும் தரைக்கோடும் தெரிய வேண்டும். கார் கதவின் ஓரம் ஒரு விரல் அகலம் தெரிந்தால் போதும். சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி ஒரே சீராக இருந்தால் வண்டி நேர். முடிந்ததும் கண்ணாடியை மறக்காமல் பழையபடி ஏற்றிவிடுங்கள்.

2019 ஜூலை 1-இலிருந்து இந்தியாவில் விற்கிற கார்களுக்குப் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். நல்ல சட்டம், ஆனால் சென்சார் கத்தவில்லை என்றால் பின்னால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. பம்பர் உயரத்துக்குக் கீழே இருக்கும் கல், மெல்லிய சங்கிலி, திறந்த கால்வாய் இதெல்லாம் அதற்குத் தெரியாமல் போகலாம். அதேபோல் உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பவை. மீன்பாடி வண்டியிலிருந்து வெளியே நீளும் கட்டுக்கம்பிகள், லாரியின் பின் பலகை, கடையின் ஏ.சி. பெட்டி. இவையெல்லாம் நம் பின் கண்ணாடி உயரத்துக்கு இருக்கும், சென்சாரோ அதற்குக் கீழே வேடிக்கை பார்க்கும். கேமராவில் மழைக்காலத்தில் சேறு படிந்துவிடும், கிளம்பும் முன் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டு ஏறுங்கள். கேமராவைப் பாருங்கள், ஆனால் முன் மூலை அதில் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கடை வாசலிலோ மாலிலோ எப்போதும் பின்பக்கமாகவே உள்ளே போங்கள் என்று அடித்துச் சொல்வேன். முன்பக்கமாக நுழைவது சுலபமாகத் தெரியும், ஆனால் கிளம்பும்போது ரோட்டுக்குள் ரிவர்ஸில் வர வேண்டும், இரண்டு பக்கமும் நிற்கும் கார்கள் மறைக்க, நடுவில் பைக்குகள் புகுந்து புகுந்து போகும். நம் ஊரில் ரிவர்ஸ் லைட் எரிந்தால் ‘சீக்கிரம் கடந்துவிடு’ என்று பைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மால்களின் அடித்தள பார்க்கிங்கில் வார நாள் காலையில் போனால் காலி இடம் நிறைய இருக்கும், கோடும் தூணும் நிஜம், பின்னால் ஹார்ன் அடிக்க ஆளில்லை. பார்க்கிங் கட்டணத்தைப் பயிற்சிக் கட்டணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹார்ன் என்றதும் ஞாபகம் வருகிறது. பயத்தில் பெரும் பங்கு தூண் இல்லை, பின்னால் காத்திருக்கும் ஆட்கள்தான். இடிப்பதைவிட, நாலு பேர் பார்க்கத் தடுமாறுவது கொடுமையாக இருந்தது, அதுவும் பெண் என்றால் பார்வையே வேறு. இதற்கு நான் செய்தது இரண்டு. இண்டிகேட்டர் போட்டு, ஜன்னலை இறக்கி, கையை நீட்டி ‘நிற்கப் போகிறேன்’ என்று முன்கூட்டியே காட்டினேன். பாதிப் பேர் புரிந்துகொண்டு இடம் விட்டார்கள். மீதிப் பேரைப் போகவிட்டுவிட்டு அப்புறம் ஆரம்பித்தேன். ரொம்ப நெரிசல் என்றால் நாலு கடை தள்ளி இடம் தேடி நடந்து வருவேன். ரங்கநாதன் தெருப் பக்கம் காரை எடுத்துப் போவதே இல்லை, அது வீரம் காட்டுகிற இடமும் இல்லை.

தெருவோரம் இரண்டு கார்களுக்கு நடுவே நுழைப்பதை மட்டும் ரொம்ப நாள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் ஸ்டில்ட்டில் முட்டிக்கு மேல் தண்ணீர் நின்றது. அடுத்த வருஷம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து ஆட்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் என்னுடையதும் ஒன்று. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ராத்திரி, தூறல், பாலத்தின் இறக்கத்தில் ஒரு இன்னோவாவுக்கும் ஒரு சிவப்புக் காருக்கும் நடுவே ஒன்றரைக் கார் நீளத்துக்கு இடம். இன்னோவாவின் பக்கத்தில் இரண்டடி விட்டு, அதன் டிக்கியும் என் டிக்கியும் ஒரே வரிசையில் வரும்படி நின்றேன். முழுசாக இடப்பக்கம் ஒடித்து ஊர்ந்து வந்து, வண்டி ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்ததும் ஸ்டீயரிங்கை நேராக்கிக் கொஞ்சம் பின்னால் வந்து, என் முன் மூலை இன்னோவாவின் பின் மூலையைத் தாண்டியதும் முழுசாக வலப்பக்கம் ஒடித்தேன். ஒரே தடவையில் உட்காரவில்லை, சுவரிலிருந்து தள்ளி நின்றது. வெளியே எடுத்து மறுபடி நுழைத்தேன். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டேன். இறக்கம் என்பதால் ஹேண்ட் பிரேக்கோடு ரிவர்ஸ் கியரிலும் போட்டு, முன் சக்கரத்தை இடப்பக்க ஓரக்கல்லை நோக்கித் திருப்பி வைத்தேன். ஏற்றம் என்றால் முதல் கியர், சக்கரம் ஓரக்கல்லுக்கு எதிர்ப்பக்கம்.

பணக் கணக்கும் தெரிந்து வைத்துக்கொண்டால் பயம் அடங்கும். சாதாரணக் காப்பீட்டில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், பம்பர் பிளாஸ்டிக். ஜீரோ டெப் என்ற கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் அந்தப் பிடித்தம் இல்லை. ஆனால் ஒரு தடவை கிளெய்ம் பண்ணினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் வருஷம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 சதவீதம் வரை ஏறுகிற தள்ளுபடி. அதனால் சின்னக் கீறலுக்குக் கைக்காசைப் போட்டுப் பெயின்ட் அடிப்பதே லாபமாக இருக்கும். ஆகக்கூடி மோசமாக என்ன ஆகும் என்பது ஒரு தொகையாகத் தெரிந்த பிறகு எனக்கு அந்தத் தூணின் மேல் பழைய கோபம் இல்லை.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. ஸ்டில்ட்டில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், பந்து கார் அடியில்தான் உருளும், குனிந்து எடுக்கும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. மழைக்காலத்தில் நாய் சக்கரத்தை ஒட்டிப் படுத்திருக்கும், பூனை பொனட்டுக்குள்ளேயே ஏறிவிடும். ஏறும் முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி, பொனட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறுகிறேன். வாட்ச்மேன் இப்போதெல்லாம் கையை ஆட்டுவதில்லை. பிள்ளைகளை ஒதுக்கி நிறுத்துவார், அது எனக்குப் பெரிய உதவி.

போன வருஷம் தங்கை, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வண்டி வாங்கினாள். அதில் கிளட்ச் பெடல் இல்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே ஊரும். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஆபத்து அதில்தான் அதிகம், ஆகவே ரிவர்ஸில் வலது கால் பிரேக்கை விட்டு நகரவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் வண்டி என்னுடையதைவிட உயரம், நான் ஓட்டிப் பார்த்தபோது என் பழைய புள்ளிகள் எதுவும் பொருந்தவில்லை. கேன்களையும் துடைப்பத்தையும் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.